காது கேளாத குழந்தையின் முதல் மொழி: மெஷினா, கையா, இரண்டுமா?

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்டின் முடிவு கைக்கு வந்ததும் எந்த வீட்டிலும் எழும் முதல் கேள்வி, "பேச்சு வந்துடுமா டாக்டர்?" என்பதுதான். பெற்றவர்கள் அதைத்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆனால் அதற்கு உறுதியான பதில் தெரிய இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அந்த இடைவெளியில் குழந்தையின் தலைக்குள் வேலை நிற்பதில்லை. தான் யார், எதிரே இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது, நேற்று நடந்தது எது, அம்மா ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையெல்லாம் விளங்கிக்கொள்ளப் பழகும் வயது அது. அதற்கு மொழி வேண்டும். அந்த மொழியை எந்த வழியாகக் கொடுப்பது என்பதுதான் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு.

வழிகள் மூன்று. காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்துப் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுப்பது, சைகை மொழி மட்டும், இரண்டையும் சேர்த்து. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவது. அதற்கு எதிராகவும் வலுவான ஆய்வு ஒன்று உண்டு, அதையும் சொல்கிறேன்.

மனம் மொழிக்காகக் காத்திருக்குமா?

மொழி இல்லையென்றால் சிந்தனையே இல்லை என்று மேடையில் முழங்கிவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். உண்மை அப்படியில்லை. பக்கவாதத்தில் மூளையின் மொழிப்பகுதி சிதைந்து, ஒரு வாக்கியத்தைக் கூட ஒழுங்காக அமைக்கவோ புரிந்துகொள்ளவோ முடியாமல் போனவர்களை ரோஸ்மேரி வார்லி போன்ற ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அவர்களில் கணக்குப் போட முடிந்தவர்கள் உண்டு. காரண காரியம் புரிந்தவர்கள் உண்டு. இன்னொருவர் மனதில் தவறான நம்பிக்கை இருப்பதைக் கண்டுபிடிக்க முடிந்தவரும் உண்டு. மூளையில் மொழிக்கான பகுதிகளும் சிந்தனைக்கான பகுதிகளும் பெருமளவு வேறு வேறு என்பதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து எவெலினா ஃபெடரென்கோ ஸ்கேன் ஆய்வுகளில் தொடர்ந்து காட்டி வருகிறார்.

ஆனால் அந்த நோயாளிகள் எல்லோரும் மொழியோடு வளர்ந்து ஆளானவர்கள். ஒரு மனம் முழுதாக உருவான பிறகு மொழியை இழப்பது வேறு. மொழியே இல்லாமல் அந்த மனம் உருவாவது வேறு. காது கேளாத குழந்தையின் விஷயம் இரண்டாவது வகை.

ஹெலன் கெல்லரின் கதையைப் பலர் இங்கே இழுப்பார்கள். 1887 ஏப்ரலில் தண்ணீர்க் குழாயடியில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது ஒரே கணத்தில் விளங்கிவிட்ட கதை. அவருக்குப் பார்வையும் கேட்கும் திறனும் போனபோது 19 மாதம் ஆகியிருந்தது. அதற்குள் கொஞ்சம் மொழி காதில் விழுந்திருந்தது, பிறகு வீட்டுக்குள் சொந்தமாகச் சைகைகளும் வைத்திருந்தார். சூனியத்திலிருந்து தொடங்கியவர் அல்ல அவர். ஆகவே அந்தக் கதையை நம்பி, "லேட்டானா என்ன, ஒருநாள் பிடிச்சிக்கும்" என்று இருந்துவிடக் கூடாது.

உளவியலாளர்கள் குழந்தைகளிடம் வைக்கும் எளிய சோதனை ஒன்று 1983இல் விம்மர், பெர்னர் இருவரும் செய்த ஆய்விலிருந்து வருகிறது. ஒரு பையன் சாக்லேட்டை ஓர் இடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அது வேறு இடத்துக்கு மாற்றப்படுகிறது. திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். நான்கு ஐந்து வயதில், "அவனுக்குத்தான் தெரியாதே" என்று சரியாகச் சொல்லும். தனக்குத் தெரிந்தது வேறு, அடுத்தவர் மனதில் இருப்பது வேறு என்ற தெளிவு அப்போது வருகிறது.

இதே சோதனையைக் காது கேளாத குழந்தைகளிடம் வைத்தால் முடிவு இரண்டாகப் பிரிகிறது. காது கேளாத, சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே தேறுகிறார்கள். காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் பின்தங்குகிறார்கள். பேச்சு வழியில் வளர்ந்தாலும் பின்தங்குகிறார்கள், சைகை தாமதமாக வந்தாலும் பின்தங்குகிறார்கள். பிரெண்டா ஷிக், டி வில்லியர்ஸ் தம்பதியர் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. அப்படியானால் குறை காதில் இல்லை. மொழி எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நிறைவாக வந்தது என்பதில்தான் வித்தியாசம். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னும் ஆழமான சான்று நிகராகுவாவிலிருந்து. 1970களின் கடைசி வரை அங்கே காது கேளாதோர் ஒருவரையொருவர் சந்திப்பதே அரிது. அவரவர் வீட்டில், அவரவர் வீட்டுச் சைகையோடு இருந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் சிறப்புப் பள்ளி வந்து, 1979 புரட்சிக்குப் பிறகு அது விரிந்தபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் வந்தார்கள். வகுப்பில் ஆசிரியர்கள் ஸ்பானிஷ் உதட்டசைவைப் படிக்கச் சொல்லித் தந்தார்கள். அது ஏறவில்லை. மைதானத்திலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்கள் கைகளால் ஒரு மொழியையே உருவாக்கினார்கள். முதலில் வந்தவர்களின் மொழி கரடுமுரடாக இருந்தது. பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதை எடுத்து இலக்கணத்தோடு செழுமைப்படுத்தினார்கள்.

ஜெனி பையர்ஸ், ஆன் செங்காஸ் இருவரும் இந்த இரண்டு தலைமுறைகளையும் ஒப்பிட்டு 2009இல் எழுதினார்கள். முதல் தலைமுறை இருபது வயதைத் தாண்டியவர்கள். வேலை, நட்பு என்று வாழ்க்கை அனுபவம் நிறைந்தவர்கள். இரண்டாம் தலைமுறை அவர்களைவிட இளையவர்கள். பொருளை இடம் மாற்றி வைக்கும் அதே சோதனை, படங்களாக, பேச்சு தேவைப்படாத வடிவில் வைக்கப்பட்டது. இளையவர்கள் தேறினார்கள். மூத்தவர்கள் பலர் தடுமாறினார்கள். நினைப்பது, அறிவது போன்ற மனத்தின் செயல்களுக்கான சைகைகள் இளையவர்களிடம் அதிகம், மூத்தவர்களிடம் சொற்பம். இரண்டு வருடம் கழித்து மறுபடி சோதித்தார்கள். இடையில் மூத்தவர்கள் இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை அவர்களும் நன்றாகச் செய்தார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் மனிதர்களோடு வாழ்ந்தும் துலங்காத ஒன்று, அதற்கான சொற்கள் வந்தபின் துலங்கியது. மூன்று வழிகளையும் எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு தெரியவில்லை. எந்த வழி குழந்தைக்கு இந்த வகைச் சொற்களை நாலு வயதுக்குள் கொண்டுவந்து சேர்க்கும்?

முதல் வழி: இம்பிளான்ட், பேச்சு மட்டும்

உள்காதின் நத்தைச் சுருளில் ஒலியை நரம்புக்குக் கொண்டுசெல்லும் மயிர்ச்செல்கள் சுமார் 3,500. அவை வேலை செய்யாதபோது, பொதுவாக 12 முதல் 22 எலெக்ட்ரோடு உள்ள ஒரு மெல்லிய இழையைச் சுருளுக்குள் செலுத்தி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறார்கள். உள்ளே ஒரு பாகம், காதுக்குப் பின்னால் ஒலியை வாங்கி உள்ளே அனுப்பும் பிராசஸர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டம். அறுவை முடிந்து சில வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன். அன்று குழந்தைக்குக் கேட்பது நமக்குக் கேட்கும் ஒலி அல்ல. அந்தத் துடிப்புகளிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்க மூளைதான் பழக வேண்டும்.

மூளைக்கும் கெடு உண்டு. மூன்றரை வயதுக்குள் கருவி வைத்தவர்களுக்கு மூளையின் ஒலிப்பகுதி இயல்பான வளர்ச்சியை எட்டிப்பிடிப்பதையும், ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாமல் போவதையும் அனு ஷர்மாவின் ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. சொந்தக்காசில் லட்சக்கணக்கில் ஆகும் ஒன்று கூலி வேலை செய்பவர் வீட்டுக்கும் எட்டியிருக்கிறது. சாதாரண விஷயமல்ல. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருவதால் நம் ஊருக்கு இது ரொம்பவே தேவை.

பயிற்சி அறையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரபிஸ்ட் ஒரு அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு "ஆ... ஊ... ஷ்..." என்று ஒவ்வொரு ஒலியாகக் கொடுப்பார். குழந்தை கேட்டால் கட்டையைக் கிண்ணத்தில் போட வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்வார், வீட்டில் போய் அதையே ஐம்பது தடவை செய்ய. இப்படிப் பழகிய பிள்ளைகள் பலர் ஒன்றாம் வகுப்பில் மற்றவர்களோடு உட்கார்ந்து சளசளவென்று பேசுகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. அதே கருவி, அதே வயது, அதே தெரபிஸ்ட். ஒரு பிள்ளை கதை சொல்கிறது, இன்னொன்று நாலைந்து சொற்களோடு நிற்கிறது. யார் எந்தப் பக்கம் என்று அறுவை நாளில் யாராலும் உறுதி சொல்ல முடியாது. கருவி வைத்த குழந்தைக்கும் குளிக்கும்போது கேட்காது. தூங்கும்போது கேட்காது. பேட்டரி இறங்கினாலோ கேபிள் அறுந்தாலோ கேட்காது. புதுக் கேபிள் வரும்வரை வாரக்கணக்கில் மெஷின் பெட்டியில் கிடக்கும் வீடுகள் உண்டு.

என் ஆட்சேபம் கருவிமேல் இல்லை, அதோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிவுரைமேல்: "கை காட்டாதீங்கம்மா. கை காட்டினா பேசச் சோம்பேறி ஆயிடும்." இதன் பூர்வீகம் 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு. பள்ளிகளிலிருந்து சைகையை விலக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். வாக்களித்தவர்களில் அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருடம் கழித்து! அந்த அறிவுரை இன்னும் நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் உலவுகிறது.

அறிவுரைக்குச் சான்றே இல்லையா? இருக்கிறது. ஆன் கியர்ஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், சைகை இல்லாமல் வளர்ந்த இம்பிளான்ட் குழந்தைகள் பேச்சிலும் வாசிப்பிலும் முந்தியிருந்தார்கள். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தச் சைகைக் குடும்பங்களில் பல, முழுச் சைகை மொழியைப் பேசியவை அல்ல; பேச்சோடு நடுநடுவே சில சைகைகளைச் செருகியவை. தவிர, பேச்சு சரியாக வராத பிள்ளைகளின் வீடுகளில்தான் சைகை நீண்ட நாள் நீடிக்கும். எது காரணம், எது விளைவு என்பது அங்கே குழம்பிவிடுகிறது.

இரண்டாவது வழி: சைகை மட்டும்

இந்திய சைகை மொழி ஊமை ஜாடை இல்லை. அதற்கென்று இலக்கணம் உண்டு, அது தமிழ் இலக்கணமும் அல்ல. சைகை பேசும் வீட்டில் பிறந்த காது கேளாத குழந்தை, மற்றக் குழந்தைகள் "ப ப மா மா" என்று மழலை பேசும் அதே பருவத்தில் விரல்களால் மழலை பேசுகிறது; லாரா ஆன் பெட்டிட்டோ 1991இலேயே இதைப் பதிவுசெய்தார். மனவளர்ச்சி என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் இந்த வழிக்குக் குறையே இல்லை.

குறை வீட்டில்தான். அப்பா, அம்மா, ஆச்சி, சித்தப்பா, யாருக்கும் சைகை தெரியாது. பிள்ளைக்கு மொழி கொடுக்கப் போகிறவர்களே இனிமேல்தான் கற்க வேண்டும். தப்பும் தவறுமாகக் கற்றால் பிள்ளையும் தப்பாகத்தானே பேசும்? ஜென்னி சிங்கிள்டன், எலிசா நியூபோர்ட் ஆராய்ந்த 'சைமன்' என்ற பையனின் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள், ஆனால் அமெரிக்கச் சைகை மொழியைப் பதின்வயதுக்குப் பிறகு கற்றவர்கள். இலக்கணத்தில் ஏகப்பட்ட பிழை. சைமன் அவர்களிடம் மட்டுமே கற்று, அவர்களைவிடச் சுத்தமாகச் சைகை பேசினான். குழந்தை மூளை பிழைகளை வடிகட்டி ஒழுங்கை எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம். காது கேட்கும் பெற்றோரின் பிள்ளைகளும் ஆறு மாதத்துக்குள் சைகை பார்க்கத் தொடங்கினால் வயதுக்கேற்ற சொல்வளத்தோடு வளர்கிறார்கள் என்று நவோமி கசெல்லி குழுவினர் 2021இல் காட்டினார்கள்.

ஆனாலும் கருவி பலனளிக்கக்கூடிய குழந்தைக்கு அதை வேண்டாமென்று மறுப்பது எனக்கு ஒப்பவில்லை. சைகை மொழியை இருபது வயதிலும் கற்கலாம், சுமாராகவாவது. ஒலியைக் கேட்டுப் புரியும் திறனை அந்த வயதில் மூளை புதிதாக வளர்த்துக்கொள்வது மிகக் கடினம்.

மூன்றாவது வழி: இரண்டும்

சைகை பேசும் காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, இம்பிளான்டும் வைத்துக்கொண்ட குழந்தைகளை கேத்ரின் டேவிட்சன் குழு 2014இல் சோதித்தது. அவர்கள் ஆங்கிலத்தில், காது கேட்கும் இருமொழிக் குழந்தைகளுக்குச் சமமாக நின்றார்கள். சைகை பேச்சைக் கெடுக்கும் என்றால் முதலில் கெட வேண்டியவர்கள் இவர்கள்தான். சிறிய ஆய்வு, சைகையைத் தாய்மொழியாகப் பெற்ற பிள்ளைகள் என்ற சலுகையும் அவர்களுக்கு உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "சோம்பேறி ஆயிடும்" என்ற வாதத்தை அது நேராகவே மறுக்கிறது.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். காது கேட்கும் குழந்தை, மனதைப் பற்றிய பேச்சை யாரும் உட்கார்த்திச் சொல்லித்தந்து கற்பதில்லை, ஒட்டுக்கேட்டுக் கற்கிறது. அடுப்படியில் அம்மா, "அவளுக்கு நம்ம மேல மனஸ்தாபம்டி, வெளிய காட்டிக்கல" என்று தங்கையிடம் சொல்வது கூடத்தில் விளையாடும் பிள்ளை காதில் விழுகிறது. வெளியே காட்டிக்கொள்ளாத மனஸ்தாபம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அதற்கு அப்படித்தான் தெரியவருகிறது. காது கேளாத பிள்ளைக்கு இந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. கருவி வைத்தாலும் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சலில் அது பாதிதான் திறக்கும். சாப்பிடும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். பிள்ளை அம்மாவின் தோளைத் தட்டி, என்ன என்று கேட்கிறது. "ஒண்ணுமில்லடா, சும்மா. அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் வருவதில்லை. வளர்ந்த காது கேளாதோரிடம் கேட்டுப் பாருங்கள், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து கேட்ட இந்த வாக்கியத்தைப் பலரும் சொல்வார்கள்.

மூன்றாவது வழியின் விலை உழைப்பு. பேச்சுப் பயிற்சிக்குப் பஸ் ஏறுவதும் அம்மா, வீட்டுப் பயிற்சியும் அம்மா, இப்போது சைகை வகுப்பும் அம்மா என்றால் மூன்றே மாதத்தில் அந்தப் பெண் துவண்டுவிடுவாள். அப்பாவும் ஆச்சியும் சைகையை எடுத்துக்கொள்ளாத வீட்டில் இந்த வழி காகிதத்தில்தான் இருக்கும். இன்னொரு ஆபத்து, இரண்டையும் கலந்து ஊற்றுவது. தமிழில் பேசிக்கொண்டே நடுநடுவே நாலு சைகை காட்டினால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் அரைகுறை. பயிற்சி நேரமும் பள்ளி நேரமும் காதுக்கு, சாப்பாட்டு நேரமும் படுக்கை நேரமும் கைக்கு என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். மெஷினைக் கழற்றிய பிறகுதானே கதை சொல்லித் தூங்கவைக்க வேண்டும்?

யாருக்கு எது

கேட்கும் நரம்பே இல்லை அல்லது மிக மெலிந்திருக்கிறது என்று எம்ஆர்ஐயில் தெரிந்தால் இம்பிளான்டுக்கு வேலை குறைவு. அன்றே சைகையைத் தொடங்குங்கள். மூளைக்காய்ச்சலால் காது போனதென்றால் அறுவை சிகிச்சைக்கு அவசரம் உண்டு, நத்தைச் சுருள் எலும்பாக இறுகிவிடலாம். மிதமான கேட்புக் குறை, சாதாரணக் காது மெஷினிலேயே பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்றால் பேச்சு வழி மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ஒரு வயதுக்குள் கண்டுபிடிக்கப்பட்ட, அறவே காது கேளாத குழந்தைக்கு இரண்டும் வேண்டும். ஆபரேஷன் தேதிக்காகச் சைகையைத் தள்ளிப்போடக் கூடாது. பயிற்சி மையத்துக்கு மூன்று மணி நேரப் பயணம் என்றால் கையின் பங்கைக் கூட்டுங்கள். ஆறு ஏழு வயதாகியும் எந்த மொழியும் இல்லாத பிள்ளைக்குச் சைகைதான் முதலில். அந்த வயதில் இன்னொரு இரண்டு வருடம் ஒலிக்காகக் காத்திருப்பது ரொம்பப் பெரிய சூதாட்டம். முதல் மொழியே தாமதமாக வந்தவர்கள், பின்னால் கற்கும் எந்த மொழியிலும் தடுமாறுகிறார்கள் என்பதை ரேச்சல் மேபெரி பல வருடங்களாகக் காட்டி வருகிறார்.

டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட அகராதியை வீடியோக்களாக இலவசமாக வைத்திருக்கிறது. அதோடு உங்கள் ஊரில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள். வேலைக்குப் போகும், கல்யாணமான, சிரித்துப் பேசும் காது கேளாத பெரியவர் ஒருவரைப் பெரும்பாலான பெற்றோர் அங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

வீட்டில் எந்தச் சொற்களில் தொடங்குவது? அட்டைகளில் வருவதெல்லாம் ஆப்பிள், யானை, பஸ், சிவப்பு. அவையும் வேண்டும்தான். அவற்றோடு முதல் ஐம்பதிலேயே இவற்றையும் சேருங்கள்: தெரியாது, மறந்துட்டேன், நினைச்சேன், பொய்க்கு, ஆசை, பயம், ஏமாந்துட்டியா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தெரபிஸ்டிடம் குழந்தையின் சொற்களை எண்ணித் தரச் சொல்லுங்கள், வாயில் வருவதையும் கையில் வருவதையும் சேர்த்து. கூட்டுத்தொகை வயதுக்கேற்ப ஏறிக்கொண்டிருந்தால் இருக்கிறபடியே தொடரலாம். வாயின் எண்ணிக்கை மட்டும் இரண்டு முறை அசையாமல் நின்றால், நேரப் பங்கீட்டைக் கையின் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். கையைக் கணக்கில் எடுக்கமாட்டேன் என்பவரானால் வேறு தெரபிஸ்டைப் பாருங்கள்.